உங்கள் வளவில் மயில் குடியிருக்கிறது

ஸ்காபரோ, மார்க்கம், லண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ என்று பரந்து வாழும் எங்கள் ஊர்க் காணிக்காரருக்கு வணக்கம்.

இதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவே எழுதியிருக்கலாம். உங்களில் பலருடைய வட்ஸ்அப் இலக்கம் எங்களிடம் இருக்கிறது. ஆனால் தனியாகக் கேட்டால், "பக்கத்துக் காணிக்காரரையும் ஒருக்கால் கேளுங்கோ, அவை செய்தால் நாங்களும் செய்யிறம்" என்ற பதில்தான் வருகிறது. பக்கத்துக் காணிக்காரர் நோர்வேயில். அவரைக் கேட்டால் அவர் உங்களைக் காட்டுகிறார். ஆகவே எல்லாருக்கும் ஒன்றாக, ஊர் பார்க்கவே எழுதுகிறேன்.

விசயம் மயில்.

சிரிக்க வேண்டாம். விடுமுறைக்கு வந்து நின்றபோது மதிலில் நின்ற மயிலைப் படம் எடுத்து, "எங்கட வளவில மயில்" என்று குழுவில் போட்டவர்கள் உங்களில் பலர். அதில் பிழை ஒன்றும் இல்லை, பார்க்க வடிவான பறவைதான். எங்கள் சின்ன வயதில் மயில் பார்க்க வேண்டுமானால் வன்னிக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் கோயில் வாகனத்தில் பார்க்கவேண்டும். இப்போது யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் எங்கள் ஒழுங்கையால் காலையில் கடைக்குப் போகிறவர் மயிலுக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போகிறார்.

கச்சான் போட்டால், விதை முளைவிடுகிற கிழமையில் வந்து காலால் மண்ணைக் கிளறிப் பருப்பைக் கொத்திக்கொண்டு போகிறது. தப்பிய பயிர் காய் பிடிக்கும்போது மறுபடி வருகிறது. தக்காளியில் இந்தப் பழத்தில் ஒரு கொத்து, அடுத்த பழத்தில் ஒரு கொத்து. ஒன்றையும் முழுதாகத் தின்னாது. ஆனால் கொத்துப்பட்ட பழத்தைக் கொடிகாமம் சந்தையில் யார் வாங்குவார்கள்? மிளகாயையும் விடுவதில்லை, பறவைகளுக்கு மிளகாய் உறைக்காது. பயறு, உழுந்து, விதைநெல் எல்லாம் அதன் சாப்பாட்டில் அடக்கம். நானும் நாலு பரப்பில் கச்சான் செய்கிறவள்தான். என் கணக்கை இங்கே எழுதி உங்களை அழவைக்கப் போவதில்லை. ஊரில் இரண்டு பேர் இந்த முறை கச்சானே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

தோட்டம் இல்லாதவருக்கும் கரைச்சல் உண்டு. ஆண் மயில் நாலு கிலோவிலிருந்து ஆறு கிலோ வரை நிறை வரும். அது வேப்பமரத்திலிருந்து ஓட்டுக் கூரையில் வந்து இறங்கினால் ஓடு நழுவும். மாரியில் அந்த இடத்தால்தான் ஒழுகும். நிறுத்திவைத்த வானின் பளபளப்பான கதவில் தன் உருவத்தைக் கண்டால், சண்டைக்கு வந்த இன்னொரு ஆண் என்று நினைத்துக் கொத்தும், உதைக்கும். முற்றத்தில் எச்சம், தண்ணீர்த் தாங்கி மூடியில் எச்சம். விடியப்புறம் ஒன்று அகவத் தொடங்கினால் நாலு வளவிலிருந்து பதில் வரும், அதற்குப் பிறகு நித்திரை இல்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது ஒரு பெரிய முறைப்பாடு.

இதையெல்லாம் உங்களுக்கு விளங்கவைக்க நான் மெனக்கெடத் தேவையில்லை. உங்களிடம் கனடா வாத்து இருக்கிறது.

ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சாள் கோடை வந்தால் போனில் அதைப் பற்றியே பேசுவாள். ஏரிக்கரைப் பூங்காவில் பாய் விரிக்க இடமில்லை, நடக்கிற பாதை முழுக்க எச்சம். வசந்தத்தில் கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்துக்கு நடுவில், நாலு செடி நட்ட திட்டில் கூடு கட்டிவிட்டு, வண்டியில் சாமான் தள்ளிவருகிற சனத்தைக் கழுத்தை நீட்டிச் சீறிக் கலைக்கும். ஐந்தாறு கிலோ வரக்கூடிய பறவை, செட்டையால் அடித்தால் நோகும். கலைக்கவும் முடியாது, கைவைக்கவும் முடியாது. வலசைப் பறவைகளுக்காகக் கனடாவின் சார்பில் பிரித்தானியாவும் அமெரிக்காவும் 1916இல் செய்த உடன்படிக்கையும் அதை ஒட்டிய சட்டமும் வாத்தைக் காக்கின்றன. முட்டையைத் தொடவும் அனுமதி எடுக்கவேண்டும். லண்டன்காரருக்கும் இது புதிதல்ல. அங்கே திரிகிற கனடா வாத்துக்கள் 17ஆம் நூற்றாண்டில் அரச பூங்காவின் அழகுக்காகக் கொண்டுவந்து விட்டவற்றின் வழி வந்தவை.

இப்போது தொல்லை என்று சொல்லப்படும் இந்த வாத்தின் பெரிய இனம் ஒரு காலத்தில் அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள். 1962இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு கூட்டம் இருப்பது தெரியவந்தது. பிறகு பல இடங்களில் வளர்த்து விட்டார்கள். அது பெருகியதற்குக் காரணம் வளர்த்துவிட்டவர்கள் மட்டும் அல்ல. வாத்து புல் தின்னும் பறவை. கட்டையாக வெட்டிய இளம் புல், பக்கத்திலேயே தண்ணீர், நரியோ நாயோ வந்தால் தூரத்திலிருந்தே தெரிகிற வெளி, இந்த மூன்றும் இருந்தால் அதற்கு வேறொன்றும் வேண்டாம். நகரங்கள் செய்துவைத்த பூங்கா, கொல்ஃப் மைதானம், தொழிற்சாலை முற்றத்துக் குளம் எல்லாம் இந்த மூன்றையும் ஒரே இடத்தில் கொடுத்தன. பான் துண்டு போட்டவர்கள் மீதியைச் செய்தார்கள்.

அதனால்தான் அங்கே விசயம் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது, தண்ணீர்க் கரையில் புல்லை வெட்டாமல் விடு, உயரமான புல்லையும் செடியையும் நடு என்பது. கரை மறைந்தால் வாத்துக்குப் பயம் வரும், வேறிடம் பார்க்கும்.

எங்கள் மயில் இதற்கு நேர்மாறு. வெளியில் மேயும், ஆனால் ஒளிய அடர்ந்த பற்றை வேண்டும். கூடு மரத்தில் இல்லை. நிலத்தில், பற்றைக்கு அடியில், சும்மா ஒரு குழி. பேடு நாலு முதல் எட்டு வரை முட்டை இட்டு ஏறக்குறைய 28 நாள் தனியாகவே அடைகாக்கும். ஆண் எட்டியும் பார்க்காது (இதைப் பற்றி எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சொந்தக் கருத்துக்கள் உண்டு, அது வேறு மடல்). குஞ்சு பொரித்த பிறகும் கூப்பிடு தூரத்தில் ஒளிய இடம் வேண்டும். இரவில் தங்க உயரமான மரம் வேண்டும். மேய ஒரு தோட்டம் வேண்டும்.

இப்போது உங்கள் வளவை நினைத்துப் பாருங்கள். முன்பக்கம் நாயுண்ணியும் காரையும் ஆளுயரத்துக்கு. பின்பக்கம் வேம்பும் மாவும். வேலிக்கு அந்தப் பக்கம் என் கச்சான் தோட்டம். கனடாவில் புல்லை வெட்டுகிறபடியால் வாத்து வருகிறது. இங்கே பற்றையை வெட்டாதபடியால் மயில் வருகிறது. நான் கேட்க வந்தது இவ்வளவும்தான்: உங்கள் காணிகளைத் துப்புரவாக்குங்கள், அதுவும் எல்லாரும் ஒரே காலத்தில் செய்யுங்கள்.

ஏன் பற்றையாய்ப் போனது என்று நான் உங்களைக் கேட்கமாட்டேன். 2000ஆம் ஆண்டு தென்மராட்சியில் சண்டை வந்து ஊரே எழும்பி ஓடியது எல்லாருக்கும் தெரியும். திரும்பி வந்தவர்கள் வந்தோம். வராதவர்களுக்கு வராமல் இருக்கக் காரணம் இருந்தது. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி காரணமாக மனிதர் கால் வைக்காமல் பல ஆண்டுகள் கிடந்த நிலத்தில் காடு வளர்ந்து, காட்டுச் சீவன்கள் எல்லாம் நிம்மதியாய்ப் பெருகின. அங்கே வெடி எடுத்து நிலத்தைத் திருத்தத் திருத்த அவை வேறிடம் தேடத்தானே செய்யும். எங்கள் ஊரில் அவற்றுக்குத் தயாராய் இருந்தது நீங்கள் விட்டுப்போன வளவுகள்.

மதில் கட்டியவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்லவேண்டும். காசு செலவழித்து நாலு பக்கமும் ஆறடி மதில் எழுப்பி, கேற்றுப் போட்டு, பூட்டித் திறப்பையும் கொண்டு போய்விட்டீர்கள். காணி பாதுகாப்பாய் இருக்கிறது என்ற நிம்மதி உங்களுக்கு. உள்ளே பற்றை அப்படியே. கிடுகு வேலி, கதியால் வேலி என்றால் நாய் புகும். நிலத்தில் கூடு வைக்கிற பறவைக்கு நாய் பெரிய எதிரி. நீங்கள் நாயை மறித்துவிட்டீர்கள். ஊரில் ஆகப் பாதுகாப்பான மயில் பண்ணை எது என்று கேட்டால் நான் மதில் கட்டிப் பூட்டிய காணிகளைத்தான் காட்டுவேன்.

நாங்கள் எங்கள் பக்கத்தால் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு உங்களிடம் வரவில்லை. வெருளி கட்டினோம். சீனவெடி கொளுத்தினோம். தகரம் தட்டினோம். பழைய சீடித் தட்டுக்களைக் கயிற்றில் கட்டி வெயிலில் மினுங்கவிட்டோம். எல்லாம் சில நாளைக்கு வேலை செய்யும், பிறகு மயில் வெருளியின் தலையில் ஏறி நிற்கும். மச்சாள் சொல்வதைப் பார்த்தால் அங்கேயும் இதே கதைதான். பிளாஸ்டிக் அன்னமும் பொம்மை ஓநாயும் வைப்பார்களாம், இரண்டு கிழமையில் வாத்து அதன் நிழலில் படுத்திருக்குமாம். பழக்கிய நாயை விட்டுத் திரும்பத் திரும்பக் கலைப்பதுதான் கொஞ்சம் பலன் தருகிறது, அதற்கும் ஆள் சம்பளம் கொடுத்து நாளும் பொழுதும் செய்யவேண்டும். கலைப்பதில் இன்னொரு சிக்கல், கலைபட்ட பறவை எங்கே போகும்? பக்கத்து வளவுக்கு. அவர் கலைத்தால் திரும்ப என் வளவுக்கு. அயலட்டைக்குள் இதனால் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் உண்டு. இதில் மயிலுக்கு ஒரு நட்டமும் இல்லை.

வலை போடலாம். நாற்றுமேடைக்கும் சின்ன மரக்கறிப் பாத்திக்கும் வலை நல்லது, அதை நானும் போடுகிறேன். நாலு பரப்புக் கச்சானை மூட வலை விலை கட்டுப்படியாகாது.

கனடாவிலிருந்து வந்த ஒரு தம்பி, வாத்து முட்டைக்கு எண்ணெய் பூசுகிற மாதிரி இங்கேயும் பூசினால் என்ன என்று கேட்டார். கெட்டிக்காரத்தனமான வழிதான், மறுக்கவில்லை. முட்டை ஓட்டில் உள்ள நுண்ணிய துளைகளை எண்ணெய் அடைத்துவிடும், உள்ளே காற்றுப் போகாது, கரு வளராது. வாத்துக்கு அது தெரியாது, தொடர்ந்து அடைகாக்கும். முட்டையை எடுத்துவிட்டால் மறுபடி இட்டுவிடும் என்பதால்தான் எடுக்காமல் பூசுகிறார்கள். ஆனால் அங்கே வாத்து கண்ணுக்குத் தெரிய வெளியில் கூடு கட்டுகிறது, அனுமதி பெற்றுப் பழகியவர்கள் கரு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துப் பூசுகிறார்கள். இங்கே கூடு நாயுண்ணிப் பற்றைக்குள், கண்ணாடி விரியனுக்குப் பக்கத்தில். எண்ணெய்ப் போத்தலோடு உள்ளே போக எனக்குத் தைரியம் இல்லை. தம்பியும் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. கூட்டைத் தேடிப் பற்றைக்குள் போகிற நேரத்துக்கு அந்தப் பற்றையை வெட்டிவிட்டுப் போகலாம் அல்லவா?

பிடித்துக்கொண்டு போய் வன்னிக் காட்டில் விடலாம் என்றும் ஒரு யோசனை உலாவுகிறது. வன்னியில் கமக்காரர் இல்லையா? அவர்கள் பன்றிக்கும் யானைக்கும் நடுவில் நிற்கிறார்கள், நாங்கள் லொறியில் மயிலும் அனுப்புவதா? வாத்துக்களை இறகு உதிர்ந்து பறக்கமுடியாமல் இருக்கும் ஆனி ஆடி மாதங்களில் வளைத்துப் பிடித்துத் தூரத்தில் கொண்டுபோய் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். வளர்ந்தவை பல, செட்டை முளைத்ததும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகின்றன. இடம் மாறாதவரை பறவை மாறாது.

நஞ்சு வைப்பது பற்றி நான் எழுத விரும்பவில்லை, ஆனால் எழுதாமல் விட்டால் சிலர் தொடர்ந்து வைப்பார்கள். நஞ்சு கலந்த நெல்லை மயில்தான் தின்னும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. புறாவும் தின்னும், அயல்வீட்டுக் கோழியும் தின்னும், செத்ததைத் தின்று நாயும் சாகும். வனவிலங்குகளையும் தாவரங்களையும் காக்கிற கட்டளைச் சட்டம் இந்த நாட்டில் 1937ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வனசீவராசிகள் திணைக்களத்தைக் கேட்காமல் வெடி, பொறி, நஞ்சு என்று இறங்குபவர் வழக்கையும் சேர்த்தே வாங்குகிறார். முருகன் வாகனம் என்ற எண்ணம் இங்கே பலருடைய கையைத் தடுத்திருக்கிறது, அது நல்லதுதான். சந்நிதி முருகன் கோயிலுக்கு நடந்து போகிற சனம் மயிலுக்கு நஞ்சு வைத்துவிட்டுப் போகமுடியாது. ஆனால் அதே எண்ணத்தைச் சொல்லி, வளவில் நெல்லு வீசி, வருகிற மயிலுக்கெல்லாம் சாப்பாடு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். லீவில் வந்து நிற்கிற உங்கள் பிள்ளைகள் இதை ஆசையாய்ச் செய்கிறார்கள். ரொறன்ரோவில் காட்டுப் பிராணிகளுக்குத் தீனி போட மாநகரச் சட்டத்தில் தடை இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளே எனக்குச் சொன்னார்கள். அங்கே பள்ளிக்கூடத்தில் படித்ததை இங்கே கட்டுநாயக்காவில் இறங்கும்போதே மறந்துவிடுகிறார்கள் போல.

அரசாங்கமும் ஒருமுறை கணக்கெடுத்தது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு, நாடு முழுக்க ஐந்து நிமிடம், அவரவர் தங்கள் காணியில் கண்ட குரங்கு, மந்தி, மர அணில், மயில் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதவேண்டும். முடிவில் மயில் மட்டும் 40 இலட்சத்துக்கு மேல் என்று வந்தது. அந்த எண்ணை நான் அவ்வளவாக நம்பவில்லை. என் வேலியில் நின்ற மயில் மூன்றாம் நிமிடம் அயல் வளவுக்குத் தாவினால் இரண்டு படிவத்திலும் ஒவ்வொன்றாய் ஏறும். மற்றப் பக்கம், உங்கள் பூட்டிய வளவுகளில் படிவம் பிடித்து நிற்க யார் இருந்தார்கள்? மயில் அதிகம் இருந்த இடத்தில் ஆளே இல்லை. ஆகவே கூடுதலாகவும் எண்ணினோம், குறைவாகவும் எண்ணினோம். கணக்கெடுப்பால் எங்கள் ஊரில் ஒரு பற்றையும் குறையவில்லை.

சரி, நீங்கள் ஏன் துப்புரவாக்கப் பயப்படுகிறீர்கள் என்பதற்கு வருகிறேன். செலவு ஒரு காரணம் என்று சொல்வீர்கள். கோயில் தேருக்கும் பள்ளிக்கூட மண்டபத்துக்கும் நீங்கள் அள்ளிக் கொடுப்பதைப் பார்த்த எனக்கு அது பெரிய காரணமாய்த் தெரியவில்லை. உண்மையான பயம் வேறு. "ஆரையாவது காணிக்குள்ள விட்டால், பிறகு எழுப்ப ஏலாது." இந்த ஒரு வசனத்தை எத்தனை பேருடைய வாயால் கேட்டுவிட்டேன்!

பயத்தில் நியாயம் இருக்கிறது. பத்து வருடம் ஒருவர் தடையில்லாமல், சொந்தக்காரருக்கு எதிராக, தன்னுடையதுபோல ஒரு காணியை ஆண்டு அனுபவித்தால், நீதிமன்றத்தில் போய் உரித்துக் கேட்கலாம். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் உள்ளது இது. போரால் காணிப் பக்கம் போகமுடியாமல் இருந்தவர்களுக்காக 2016இல் ஒரு விசேட சட்டம் கொண்டுவந்து, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட வழி செய்தார்கள். ஆனால் 2009க்குப் பிறகு பத்து வருடம் எப்போதோ தாண்டிவிட்டது. அந்தச் சட்டத்தை நம்பிக்கொண்டு இன்னும் தூங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இங்கே கவனிக்கவேண்டியது, சொந்தக்காரருக்கு எதிராக என்ற பகுதி. நீங்கள் எழுத்தில் அனுமதி கொடுத்து ஒருவர் உங்கள் காணியில் பயிர் செய்தால், அவர் உங்கள் அனுமதியில் நிற்கிறார், உங்களுக்கு எதிராக நிற்கவில்லை. குத்தகைக்கு எழுதலாம். குத்தகை வேண்டாம், காசு வேண்டாம் என்றால், "இந்தக் காணியைத் துப்புரவாக வைத்திருக்கவும் மேட்டுப்பயிர் செய்யவும் ஒரு வருடத்துக்கு அனுமதிக்கிறேன்" என்று எழுதி, இரண்டு பக்கமும் ஒப்பமிட்டு, வருடாவருடம் புதுப்பிக்கலாம். வாயால் சொல்லிவிட்டு இருபது வருடம் மறந்துபோனால்தான் வழக்கு வரும். எழுதும்போது உங்கள் நொத்தாரிசையோ சட்டத்தரணியையோ கேட்டு எழுதுங்கள், நான் சட்டம் படித்தவள் அல்ல. அதோடு, ஊரில் கள்ள உறுதி முடித்த காணிகள் எவை என்று யோசித்துப் பாருங்கள். ஆள் நடமாடி, பயிர் நின்று, எல்லை தெரிகிற காணியில் யாரும் கள்ள உறுதி முடிக்கத் துணிவதில்லை. பற்றை மூடி, எல்லைக்கல் எங்கே என்று சொந்தக்காரரின் பிள்ளைகளுக்கே தெரியாத காணியில்தான் முடிக்கிறார்கள். காணி போய்விடும் என்ற பயத்தில் பற்றை வளர்க்கிறவர், காணியைப் போகவிடுகிற வழியைத்தான் பார்க்கிறார்.

துப்புரவாக்குவது என்றால் ஜே.சி.பி.யை விட்டுக் காணியை வழித்துத் துடைப்பது அல்ல. சிலர் அப்படிச் செய்து, மாரி வெள்ளத்தில் மேல்மண் ஒழுங்கைக்கு வந்து, எங்களுக்குச் சேறு மிஞ்சியது. பனையும் வேம்பும் மாவும் பலாவும் நிற்கட்டும். நிலத்தோடு அடர்ந்த நாயுண்ணி, காரை, கொடிகள், விழுந்து கிடக்கிற பழைய வேலிக்குப்பை, இவை போனால் போதும். மரத்துக்கடியால் குனிந்து பார்த்தால் மற்ற எல்லை வேலி தெரியவேண்டும், அதுதான் எங்கள் அளவுகோல். நெருப்பு வைக்கவேண்டாம், பனை வடலி எரிந்துபோகும், அயல் வேலியும் பிடிக்கும். ஆவணி, புரட்டாதியில் வெட்டுவது நல்லது. மாரி தொடங்கினால் வெட்டுக்கு ஆள் வராது, வெட்டியதும் மறுபடி துளிர்க்கும். தை பிறந்து நிலம் காயும்போது ஒருமுறை கத்தி வைத்தால் அந்த வருடத்துக்குப் போதும். வெட்டும்போது முட்டையோடு கூடு தென்பட்டால் அந்த மூலையை விட்டுவிட்டு, குஞ்சு இறங்கிப் போனபின் வெட்டலாம். அவ்வளவு அவசரம் எங்களுக்கும் இல்லை.

இதனால் மயில் ஊரைவிட்டே போய்விடும் என்று நான் சொல்லவில்லை. குளக்கரைப் பற்றைகளும் கடலேரிப் பக்கத்துப் புதர்களும் இருக்கின்றன, அங்கே அது இருக்கட்டும். சின்னப் பாம்பு, பூச்சி, கறையான் எல்லாம் தின்கிற பறவை, அதற்கும் ஒரு இடம் உண்டு. குடிமனைக்கு நடுவில் குஞ்சு பொரிக்க இடமில்லாமல் போனால், தோட்டத்துக்கு வருகிற எண்ணிக்கை குறையும், குறைந்ததை வலையாலும் கலைப்பாலும் சமாளிக்கலாம். ஆனால் ஒருவர் வெட்டி மற்றவர் விட்டால் பிரயோசனம் இல்லை. வெட்டிய காணியிலிருந்து வெட்டாத காணிக்கு மயிலுக்கு ஒரு செட்டையடி தூரம். அதனால்தான் எல்லாரும் ஒன்றாக என்று முதலிலேயே கேட்டேன். பற்றை போனால் நுளம்பும் பாம்பும் குறையும், குரங்குக்கும் இறங்குபடி குறையும். அதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மடலின் பிரதி எங்கள் பிரதேச சபை உறுப்பினர்களுக்கும் போகிறது. அவர்களுக்கு ஒரே ஒரு வரி: டெங்குக் காலத்தில் மட்டும் பூட்டிய கேற்றில் அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போவதால் பயன் இல்லை, அதை வாசிக்க வேண்டியவர் எண்ணாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறார். சொந்தக்காரரின் மின்னஞ்சலையும் ஊரில் அவருக்குப் பொறுப்பானவரின் பெயரையும் ஒரு பதிவேட்டில் எடுத்து வையுங்கள்.

இனி, வேலை நடக்கும் விதம். நல்லூர்த் திருவிழாவுக்கு எப்படியும் உங்களில் அரைவாசிப் பேர் வருவீர்கள். கொடியேறி முதல் கிழமைக்குள் ஒரு காலைப்பொழுதைக் காணிக்கு ஒதுக்குங்கள். உறுதியின் பிரதியையும், எல்லை தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு சனசமூக நிலையத்துக்கு வாருங்கள். அனுமதிக் கடிதத்தின் மாதிரி ஒன்றைத் தமிழில் எழுதி அங்கே வைத்திருக்கிறோம், உங்கள் சட்டத்தரணியிடம் காட்டித் திருத்திக்கொள்ளலாம். வெட்டுக்கூலியை ஆள் ஆளுக்குப் பேசாமல், பக்கத்துப் பக்கத்துக் காணிகளைச் சேர்த்து ஒரே முறையில் பேசினால் மலிவாய் முடியும். காணியைப் பார்த்துப் பேச இரண்டு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பயிர் செய்ய ஆள் வேண்டுமென்றால், காணி இல்லாத இளம் குடும்பங்கள் ஊரில் இருக்கின்றன, அவர்களோடு நேரில் பேசலாம். வரமுடியாதவர்கள் ஆடி முடிவதற்குள் இங்கே ஒருவரைப் பொறுப்பாக நியமித்து, அவருடைய பெயரை எழுத்தில் அனுப்புங்கள்.

கேற்றுத் திறப்பைக் கொண்டுபோனவர்கள் அதையும் மறக்காமல் கொண்டு வரவேண்டும்.

இப்படிக்கு,
தென்மராட்சியிலிருந்து,
உங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் கச்சான் செய்கிற ஒருத்தி